நல்ல தண்ணீரில் கழுவிய பாறை

நல்ல தண்ணீர் எதையும் கெடுக்காது, கெடுப்பதெல்லாம் உப்புத் தண்ணீர்தான் என்று நான் நம்பினேன். விவரம் தெரியாத வயதில் அல்ல. பாறைச் சோதனைக் கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, மீசை நரைத்து, சீனியர் டெக்னீஷியன் என்று கதவில் பலகை மாட்டிக்கொண்ட பிறகும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் ஒரு பாறையைக் குளிப்பாட்டியே கொன்றேன்.

எழுதச் சொன்னது பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழு. பணிக்காலத்தின் இனிய நினைவுகள் என்று ஒரு மலர் போடுகிறார்களாம். "சேகர் அண்ணா, நீங்க எழுதுனா ஒரே சிரிப்பா இருக்கும்" என்று இளையவர்கள் தூண்டிவிட்டார்கள். நானும் கேண்டீன் சாம்பாரில் யாருடைய மூக்குக்கண்ணாடி விழுந்தது என்று சிரிப்பாகத்தான் ஆரம்பித்தேன். அதே குழுவில் அன்று மத்தியானம் யாரோ ஒரு வீடியோவைப் போட்டார்கள். எங்கள் பழைய சீஃப், இப்போது ஆலோசகர், களிமண் கலந்த மணற்பாறைகளை எப்படி மதிப்பிடுவது என்று இணையத்தில் பாடம் எடுக்கிறார். பாதியில் எங்கள் கிணற்றின் படத்தைப் போட்டு, கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு சொல்கிறார்: "லாக்ல கொஞ்சம் குழப்பம் இருந்துச்சு. கோர் அதைத் தீர்த்துடுச்சு. இந்தப் பாறைக்குள்ள எதுவும் ஓடாது. கோர் ப்ரூவ் பண்ணிடுச்சு."

போனைத் தூக்கி எறியலாம் என்று கை ஓங்கினேன். புதுப் போன் என்பதால் தலையணையை எறிந்தேன். கோர் ஒரு மண்ணையும் நிரூபிக்கவில்லை ஐயா. நிரூபித்தது நான். அதுவும் தப்பாக. உங்களுக்கும் தெரியும்.

ஆகவே மூக்குக்கண்ணாடிக் கதை இன்னொருவர் எழுதட்டும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வருஷம் கல்லை வெட்டினேன், கல்லைக் கழுவினேன், கல்லுக்கு நம்பர் எழுதினேன். பிறகு அதையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினேன். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது, ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே இருந்து பாறையை உருளை உருளையாக அப்படியே அறுத்து மேலே கொண்டுவருவார்கள். அதற்குத்தான் கோர் என்று பெயர். அதிலிருந்து விரல் நீளத்துக்குச் சின்ன உருளைகளைக் குடைந்து எடுப்பது என் வேலை. அவை பிளக். பிளக்குக்குள் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளி வழியாக ஏதாவது ஓடுமா என்று அளந்து எழுதிக் கொடுப்பேன். இன்னொரு பக்கம், கிணற்றுக்குள் கம்பியில் கருவிகளை இறக்கி ஒவ்வொரு அடிக்கும் அளவெடுத்துக் கோடுகளாக வரைந்து வைப்பார்கள். அது லாக். லாக் வாசிப்பவர் ஜோசியர் மாதிரி. கோர் வெட்டுகிற நான் பிரேதப் பரிசோதனை செய்கிறவன். ஜோசியர் சொல்வதை யாரும் நம்பாவிட்டாலும் நான் எழுதிக் கொடுப்பதை எல்லோரும் நம்புவார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

எங்கள் கம்பெனி தனியார் கம்பெனி. மரக்காணத்தில் ஒரு பழைய உப்பு குடோனை வாடகைக்கு எடுத்து சோதனைக் கூடமாக்கியிருந்தார்கள். கிணறு அங்கிருந்து மேற்கே, சவுக்குத் தோப்புகளைத் தாண்டி. குடோனில் எல்லாமே துருப்பிடிக்கும். ஸ்டேப்ளர் பின், பீரோ கீல், நாற்காலிக் கால், போன வாரம் வாங்கிய கத்தரி, எல்லாம். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. குடிக்க மட்டும் தினமும் குட்டியானை வண்டியில் கேன் தண்ணீர் வரும்.

நான் அந்த ஊர்க்காரன்தான். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி. எங்கள் வீட்டில் ஒரு தனிக் குடம் இருந்தது. அம்மா ரொம்ப தூரம் நடந்து எடுத்துவரும் நல்ல தண்ணீர் அதில் இருக்கும். விருந்தாளிக்கு மட்டும்தான். நாங்கள் கையை விட்டால் முதுகில் விழும். கடனைக் கேட்டு வந்தவனாக இருந்தாலும் சண்டைக்கு வந்தவனாக இருந்தாலும் வாசலில் நிற்பவனுக்கு முதலில் அந்தக் குடத்திலிருந்து ஒரு சொம்பு. உப்புத் தண்ணீர் என்பது நாங்கள் கால் வைக்கிற தண்ணீர். நல்ல தண்ணீர் மரியாதை. படிப்பு, வேலை, ஷூ எல்லாம் வந்த பிறகும் இது எனக்குள் அப்படியே இருந்தது. இருந்ததால்தான் இவ்வளவும்.

இனி ரெஜினா. எங்கள் கிணற்றின் லாக் வாசித்தவர். என் வயதுதான் இருக்கும். திண்டிவனம் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். ஒப்பந்தத்தில் வந்தவர், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. அந்தக் கிணற்றில் ஒரு மணற்பாறை அடுக்கு வந்தது. முழுக்க களிமண் கலந்தது. லாக்கில் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது என்று காட்டியது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, உப்புநீர் கடத்தும். ஆகவே சீஃப் ஒரே பார்வையில் "தண்ணி" என்று சொல்லிவிட்டார்.

ரெஜினா ஒத்துக்கொள்ளவில்லை. வரைபடத்தை மேஜை முழுக்க விரித்து எனக்குக் காட்டினார்.

"களிமண்ணும் கரண்டைக் கடத்தும் சேகர். ஈரத் துணி மாதிரி. இங்க கடத்துறது தண்ணியா, களிமண்ணான்னு பிரிச்சுப் பாக்காம மீட்டரை மட்டும் பாத்தா உலகமே தண்ணிதான். இந்தக் கோட்டைப் பாருங்க, களிமண் எவ்ளோ இருக்குதுன்னு இது சொல்லுது. அதோட பங்கைக் கழிச்சுட்டுப் பாத்தா மீதி இடத்துல எண்ணெய் இருக்குது. நான் கணக்குப் போட்டுட்டேன்."

"சீஃப் கிட்ட சொன்னீங்களா மேடம்?"

"சொன்னேன். ஒரே வரில சொல்லச் சொன்னாரு."

இந்த ஒரே வரி எங்கள் சீஃபின் தனி முறை. எத்தனை பக்க அறிக்கை கொடுத்தாலும் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போவார். அதில் கடைசிப் பத்தியை ஸ்டீல் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடுவார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "ஒரே வரில சொல்லுப்பா, ஓடுமா ஓடாதா, உண்டா இல்லையா?" என்பார். நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும். அவர் எதிரில் இருந்த இரண்டு நாற்காலிகளிலும் எப்போதும் ஃபைல் அடுக்கியிருக்கும். இரண்டாவது வரியை ஆரம்பித்தால் போனை எடுத்துக்கொள்வார். இதனால் அவருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோருமே ஒரு வரிக்காரர்கள் ஆகிவிட்டோம். நான் அதிலும் ஒரு படி மேலே போய் அந்த வரியை ஜோக்காகச் சொல்லிப் பழகியிருந்தேன். சீஃப் சிரித்தால் அன்றைக்குத் திட்டு இல்லை.

ரெஜினா கேட்டது ஒன்றே ஒன்று. கிணற்றை சிமெண்ட் போட்டு மூடுவதற்கு முன் அந்த அடுக்கைத் திறந்து ஒரு தடவை டெஸ்ட் வைக்க வேண்டும். என்ன வருகிறது என்று நேரடியாகப் பார்த்துவிடலாம். அதற்குக் கிணறு தோண்டும் ரிக் இன்னும் சில நாள் அங்கேயே நிற்க வேண்டும். சீஃப் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்: "கோர் எடுத்திருக்கோம் இல்ல. சேகரு பாக்கட்டும். அதுல ஓடுதுன்னா டெஸ்ட். ஓடலைன்னா மூடிடலாம்."

அப்படித்தான் முழுப் பொறுப்பும் என் தலையில் வந்து உட்கார்ந்தது. எனக்கா, சொல்லவே வேண்டாம், தலை கொள்ளவில்லை.

கோர் வந்தபோது அதன் கழுத்தில் மாலை போடாததுதான் பாக்கி. சாம்பல் நிறம், கையால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும். பிளக் குடையும்போது டிரில் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மாதிரி பாறைக்கு என்ன தண்ணீர் விட வேண்டும் என்று செய்முறைத் தாள் ஒன்று உண்டு. பூமிக்குள் அந்தப் பாறை எந்த அளவு உப்புநீரில் ஊறியிருந்ததோ அதே அளவு உப்புக் கரைசல். அந்தத் தாளை லேமினேட் செய்து சுவரில் மாட்டியவன் நான். அதன்மேல் ஒரு பாத்திரக் கடை காலண்டரை மாட்டியவனும் நான்.

உப்புக் கரைசல் விட்டால் டிரில் துருப்பிடிக்கும். ஏற்கெனவே இரண்டு போயிருந்தது. அதோடு, இவ்வளவு ஆழத்திலிருந்து இத்தனை லட்சம் வருஷம் கழித்து மேலே வந்திருக்கிற ஒன்றின்மேல் உப்புத் தண்ணீரையா ஊற்றுவது? குட்டியானைக்காரரிடம் நாலு கேன் கூடுதலாக இறக்கச் சொன்னேன்.

"என்னா சார், கல்லுக்கா?" என்றார்.

"ஆமாப்பா, விஐபி கல்லு" என்றேன்.

கேன் தண்ணீரை விட்டுக் குடைந்தேன். கேன் தண்ணீரில் கழுவினேன். வெள்ளைத் துணியில் துடைத்தேன். பிறகு ஒவ்வொரு பிளக்கையும் ரப்பர் உறையில் இறுக்கி, ஒரு முனையில் அழுத்தம் கொடுத்துத் திரவத்தைத் தள்ளி, மறுமுனையில் சொட்டுகிறதா என்று பார்த்தேன். சொட்டவில்லை. அழுத்தத்தைக் கூட்டினேன். முள் ஏறியது, சொட்டு வரவில்லை. ஆறு பிளக், ஆறும் அடைத்த மூக்கு. அறிக்கையில் 'ஓட்டம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் சீஃப் என் அறிக்கையின் கடைசிப் பத்தியை ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டார். "வியாழக்கிழமை மூடிடலாம்" என்றார். ரெஜினா எழுந்து, "சார், மறுபடி ஒரு தடவை" என்று ஆரம்பித்தார். சீஃப் போனை எடுத்துக்கொண்டார். வெளியே வரும்போது ரெஜினா என்னிடம், "உண்மையாவே ஒரு சொட்டு கூட வரலையா?" என்று கேட்டார். "பாலைவனம் மேடம்" என்றேன். ஜோக்.

ஞாயிற்றுக்கிழமை மழை. உப்பு சீசன் நடுவில் வருகிற பாழாய்ப்போன மழை. என் மச்சான் எல்லப்பன், என் மனைவி சாந்தியின் அண்ணன், உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கிறவர். காலையில் ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். பாத்தியின் வரப்பில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். உப்பு கரைந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

"உப்பு போனா போவட்டும் மாப்ள. தரை போச்சு பாரு."

இறங்கிக் காலால் மிதித்துக் காட்டினார். நேற்றுவரை சிமெண்ட் மாதிரி இருந்த பாத்தித் தரை பொதபொதவென்று கணுக்கால் வரை உள்ளே வாங்கியது.

"தண்ணியில ஊறித்தானே எப்பவும் இருக்குது மச்சான்? இப்ப மட்டும் என்ன?"

எல்லப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்பா, நீ இந்த ஊருலதான் பொறந்தியா? அது உப்புத் தண்ணி. களிமண்ணு அதுல கம்முனு கெடக்கும். மழைத் தண்ணி பட்டா உப்பிக்கும், கொழகொழன்னு ஆயிடும், எல்லாத்தையும் அடைச்சிக்கும். சின்னப் பசங்களுக்குக் கூடத் தெரியும். இவனை எல்லாம் நம்பி எண்ணெய் எடுக்கப் போறானுங்களாம்."

 நான் அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா மாப்ள, காலைல இன்னா சாப்ட்ட?" என்றார் எல்லப்பன்.

களிமண் கலந்த மணற்பாறை. பூமிக்குள் உப்புநீரில் கம்மென்று கிடந்தது. நான் நாலு கேன் நல்ல தண்ணீர் விட்டேன். உள்ளே இருந்த களிமண் உப்பிக்கொண்டு ஒவ்வொரு துளையையும் அடைத்தது. பாறையைப் பரிசோதித்ததாக நினைத்தேன். நான் பரிசோதித்தது என் குளியலை.

ஒரு கண்ணியமான மனிதன் அப்போதே ஓடிப்போய் ரெஜினாவிடம் சொல்லியிருப்பான். நானும் ஓடினேன், எதிர்ப் பக்கம். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகாமல் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. வேலை போய்விடும், பெயர் போய்விடும், உப்பளத்துக்காரன் மகனுக்குக் களிமண் தெரியவில்லை என்று ஊரே சிரிக்கும் என்று மனசு லிஸ்ட் போட்டுக்கொண்டே வந்தது. கூனிமேட்டில் டிக்கெட் பரிசோதகர் ஏறுவதைப் பார்த்ததும் என்னைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று தோன்றி இறங்கிவிட்டேன். கையில் டிக்கெட் இருந்தது. டீக்கடையில் பாய் ஒரு டீ கொடுத்தார். குடித்துவிட்டு எதிர் பஸ் பிடித்துத் திரும்பினேன். என் தலைமறைவு வாழ்க்கை மொத்தம் ஒரு டீ. ஆனால் அந்தப் பயத்தில் ஒரு முழு நாள் போனது. மூடுவதற்கு நாலு நாள் இருக்கும்போது ஒன்றைத் தின்றுவிட்டேன். இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கை ஓங்குகிறது.

சாயங்காலம் கோரின் உடைந்த துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றைக் கேன் தண்ணீரிலும் இன்னொன்றைப் போர் தண்ணீரிலும் போட்டேன். போர் தண்ணீரில் இருந்த துண்டு அப்படியே கிடந்தது. கேன் தண்ணீரில் இருந்தது ஓரம் உதிர்ந்து, கலங்கி, மெதுவாகக் கஞ்சி ஆனது. இரண்டு கண்ணாடிக் குவளைகளையும் செவ்வாய் காலை ரெஜினாவின் மேஜையில் வைத்தேன். ஒரே வரியில் சொல்ல வரவில்லை. முழுவதும் சொன்னேன்.

ரெஜினா இரண்டு குவளைகளையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"உங்களுக்கு அறிவு இருக்குதா சேகர்?"

"ஞாயித்துக்கிழமைல இருந்து தேடிக்கிட்டு இருக்கேன் மேடம்."

"ஜோக் அடிக்காதீங்க. இப்ப ஜோக் அடிச்சா இந்த கிளாஸைத் தூக்கி அடிப்பேன்." பீரோவைத் திறந்து ஒரு தாள்கட்டை எடுத்துப் போட்டார். "கோர் லேபுக்கு வர்றதுக்கு முன்னாடியே சீஃபுக்கு எழுதிக் குடுத்தேன், கோடு போட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு. ரெண்டாவது பக்கம். படிங்க."

படித்தேன். இந்தப் பாறையை உப்புக் கரைசலில் மட்டுமே வெட்ட வேண்டும், நல்ல தண்ணீர் படக் கூடாது, சோதனைக் கூடத்துக்குத் தெரிவிக்கவும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஸ்கேல் வைத்த அடிக்கோடு. இரண்டாவது பக்கம் மடிப்புக் கூடக் கலையவில்லை. அது எனக்கு வரவே இல்லை.

இதைச் சொல்வதால் நான் தப்பித்துக்கொள்ளவில்லை. என் சுவரில் காலண்டருக்குப் பின்னால் அதேதான் எழுதியிருந்தது. ஆனால் பாடம் எடுக்கிறவர் இதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன்.

கோரில் சில துண்டுகளை ஈரம் போகாமல் மெழுகில் முக்கி சீல் வைத்திருந்தோம். நல்ல தண்ணீர் படாதவை அவை மட்டும்தான். அவற்றைத் திறக்க சீஃபின் அனுமதி வேண்டும். ரெஜினா போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அதெல்லாம் பார்ட்னர் கம்பெனிக்கும்மா. புதன்கிழமை மீட்டிங் இருக்குது இல்ல, அங்க பேசிக்கலாம்."

"சார், வியாழக்கிழமை மூடறாங்க."

"அதான் புதன்கிழமை பேசிக்கலாம்ங்கறேன்." வைத்துவிட்டார்.

ரெஜினா என்னைப் பார்த்தார். "கத்தி எங்க இருக்குது?"

சோதனைக் கூடத்து உப்பு தீர்ந்திருந்தது. சென்னையிலிருந்து வர இரண்டு நாள். எல்லப்பனிடம் ஓடிப்போய் ஒரு பை உப்பு வாங்கிவந்தேன். "நல்லா வருமா மாப்ள?" என்று கேட்டார், நான் ஏதோ ஊறுகாய் போடப்போகிறேன் என்கிற மாதிரி. ரெஜினா தராசில் நிறுத்து, கரைத்து, வடிகட்டி, பூமிக்குள் இருக்கிற அளவுக்கு வரும்வரை அளந்து அளந்து சேர்த்தார். மெழுகைக் கீறிப் பிரித்தேன். டிரில் துருப்பிடித்தால் பிடிக்கட்டும் என்று அந்தக் கரைசலை விட்டுக் குடைந்தேன். மூன்று பிளக். குடையும்போதே இரண்டு உடைந்தன. தேறியது ஒன்று.

அந்த ஒரு பிளக்கை உறையில் இறுக்கி, அதே உப்புக் கரைசலை ஒரு முனையில் தள்ளினேன். முள் ஏறியது. மறுமுனைக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருவரும் நின்றோம். ஒரு சொட்டு திரண்டது. தொங்கியது. விழுந்தது. இன்னொன்று. பிறகு எண்ணுவதற்கு முன்னால் அடுத்தது. ரெஜினா வாய்க்குள் ஏதோ ஜெபம் சொன்னார் என்று நினைக்கிறேன். இல்லை என்றால் என்னைத் திட்டினார்.

"அதே பிளக்ல இப்ப உங்க கேன் தண்ணியை விடுங்க."

விட்டேன். கொஞ்ச நேரம் சொட்டியது. பிறகு சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. அரை மணி நேரத்தில் நின்றுபோனது. அழுத்தத்தைக் கூட்டினேன், அசையவில்லை. நான் ஆறு பிளக்குக்குச் செய்ததை என் கண்ணெதிரிலேயே ஏழாவதுக்குச் செய்து பார்த்துவிட்டேன்.

"இது போதும். நாளைக்கு நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லணும்" என்றார் ரெஜினா. "முதல் டெஸ்ட் தப்பு, நான் நல்ல தண்ணில வெட்டிட்டேன். அவ்ளோதான். மீதியை நான் பேசிக்கறேன். நான் சொன்னா ஒப்பந்தக்காரி கதை விடறான்னு சொல்லுவாங்க. கையெழுத்து உங்களுது. நீங்கதான் சொல்லணும்."

"கண்டிப்பா மேடம்."

அந்த வரியைக் குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். புதன்கிழமை காலை சாந்தி கதவைத் தட்டி, "யார் கிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்கும் அளவுக்கு ஒத்திகை.

மீட்டிங் மத்தியானம். மேஜையின் ஒரு கோடியில் சீஃப், நடுவில் ரெஜினாவும் நானும், எதிரே ரிக் மேனேஜர். சுவர்த் திரையில் தலைமை அலுவலகத்து முகங்கள் மூன்று. ரெஜினா இரண்டாவது டெஸ்டைப் பற்றிச் சொன்னார். கிராஃபைக் காட்டினார். திரையில் இருந்த ஒருவர் முன்னால் சாய்ந்து, "சுவாரஸ்யமா இருக்கே" என்றார். சீஃபுக்கு முகம் மாறியது. அவருக்குத் தெரியாமல் சீல் உடைத்திருக்கிறோம். அதைவிட, அவர் படிக்காத இரண்டாவது பக்கம் அடுத்து மேஜைக்கு வரப் போகிறது. அவர் ரெஜினாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நல்ல வேட்டைக்காரர், மந்தையில் எது தடுமாறுகிறது என்று பார்த்ததும் தெரிந்துகொள்வார்.

"சேகரு, முதல் டெஸ்ட் நீ பண்ணது. ஆறு பிளக், கையெழுத்து போட்டிருக்கே. ரெண்டாவதும் நீ பண்ணதுதான். ஒரே ஒரு பிளக். அதுவும் லேப் உப்பு இல்லாம, உன் மச்சானோட உப்பளத்துல இருந்து உப்பை அள்ளிட்டு வந்து பண்ணியிருக்கே. யார் சொன்னாங்கன்னு கேக்காதே, ஊரே சொல்லுது. எதை நம்பறது? ஒரே வரில சொல்லு."

வரி தயாராக இருந்தது. நாக்கின் நுனியில் இருந்தது. ரெஜினா என்னைப் பார்த்தார். திரையில் மூன்று முகம் பார்த்தது.  இருபது வருஷமாகத் திட்டு வாங்காமல் இருக்க நான் என்ன செய்வேனோ அது தானாக நடந்தது.

"சார், எங்க ஊரு உப்பு சார். எதுல போட்டாலும் நல்லாதான் வரும்."

சிரித்தார்கள். ரிக் மேனேஜர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். திரையில் முன்னால் சாய்ந்தவர் பின்னால் சாய்ந்து சிரித்தார். சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் நான் சொன்ன ஜோக்குகளிலேயே அதிகம் எடுபட்டது அதுதான்.

"சார், அவர் சொல்ல வந்தது அது இல்ல" என்றார் ரெஜினா.

"அவரு சொன்னதைத்தானேம்மா எல்லாரும் கேட்டோம்?"

"சேகர், சொல்லுங்க."

நான் பேனா மூடியைக் கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன். அந்த ஒரு நிமிஷம் முழுக்க வாய் திறந்தால் போதும். திறக்கவில்லை. ரெஜினா அந்த இரண்டாவது பக்கத்தை எடுத்து நீட்டினார். சீஃப் அதை வாங்கி, பார்க்காமல், ஃபைலுக்குள் வைத்து, "நோட் பண்ணிக்கறோம். அடுத்து?" என்றார். அடுத்து ரிக்கை எப்போது எங்கே நகர்த்துவது என்று பேசினார்கள்.

வெளியே நடையில் ரெஜினாவுக்குப் பின்னால் ஓடினேன். அவர் திரும்பவில்லை. நடந்துகொண்டே, "இன்னைக்கு எல்லாரையும் நல்லா சிரிக்க வெச்சீங்க சேகர்" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலமே சீஃபின் அறைக்குப் போனேன். நின்றேன். முதல் டெஸ்ட் தப்பு, நான் நல்ல தண்ணீரில் வெட்டிவிட்டேன் என்று ஒத்திகை பார்த்த வரியைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "மீட்டிங் முடிஞ்சிருச்சேப்பா" என்றார். தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறேன் என்றேன். "எழுது. முதல் கையெழுத்து யாருதுன்னும் சேத்து எழுது" என்றார். எழுதினேன். பதில் வரவில்லை.

இப்போது அவர் பாடம் எடுக்கிறார். கோர் தீர்த்துவிட்டது என்கிறார். இளையவர்கள் கீழே கை தட்டும் படம் போடுகிறார்கள். அவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கிணறு வியாழக்கிழமை காலை சிமெண்ட் போட்டு மூடப்பட்டது. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. ரிக் அடுத்த வாரம் வேறு இடத்துக்குப் போனது. ரெஜினாவின் ஒப்பந்தத்தை அந்த வருஷம் புதுப்பிக்கவில்லை. என் ஆறு பிளக் அறிக்கைதான் ஃபைலில் இருக்கிறது. ஏழாவது பிளக் இல்லை. அந்த அடுக்கை யாரும் திறந்து பார்க்கவில்லை. அதில் எண்ணெய் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது.